தங்கமீன் ஏன் மல்லாந்து மிதக்கிறது?



1960-களில் ஆடுதுறை 27 நெல்லை வானொலியில் கேட்டே தஞ்சைச் சீமை முழுக்கப் பரப்பி, அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்தவர்கள் நீங்கள். ஆகையால் இன்றைக்கும் நெல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. இன்றைக்கு மீன். அதுவும் குளத்து மீன் இல்லை, தொட்டியில் வளர்க்கிற தங்கமீன். "குறுவைக்கு மேலுரம் எப்ப போடுறதுன்னு கேட்டா, இந்த மனுஷன் பொம்மை மீனுக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டாரே" என்று திண்ணையில் யாரோ சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

சிரிக்க வேண்டாம். கொல்லையில் இரண்டு சிமெண்டுத் தொட்டி கட்டி, தங்கமீன், மோலி, கப்பி என்று வளர்த்து விற்பது இப்போது வீட்டுப் பெண்களுக்கு ஒரு கைவருமானம். 2020-இல் தொடங்கின பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்திலேயே கொல்லைப்புற வண்ணமீன் வளர்ப்புக்கென்று தனி இனம் வைத்தார்கள். அலகுச் செலவு 3 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, பெண்களுக்கு அதில் நூற்றுக்கு 60 பங்கு மானியம் என்று வகுத்தார்கள். வாங்கின கடனைத் தொட்டியில் போட்டவர்களுக்கு ஒரு மீன் சாய்ந்தாலும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

அப்படிப்பட்டவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். "ஐயா, மீன் மல்லாந்து மிதக்குது. உயிர் இருக்கு, செவுள் அடிக்குது, ஆனா நிமிர முடியலை. கடையில கேட்டேன், ஒரு சீசா மருந்து குடுத்தாங்க. ஊத்தினேன். மறுநாள் நல்லா இருந்த மீனும் நாலு செத்துப் போச்சு. இது என்ன நோய்?"

மல்லாந்து மிதப்பது ஒரு நோயின் பெயரே இல்லை. நமக்குத் தலை சுற்றுகிறது என்றால் அது பசியாகவும் இருக்கலாம், பித்தமாகவும் இருக்கலாம், ரத்தக் கொதிப்பாகவும் இருக்கலாம் அல்லவா? அதுபோல இது ஓர் அடையாளம். அடையாளத்துக்கு மருந்து ஊற்றினால் காரணம் அப்படியே இருக்கும், காசு மட்டும் போகும். பல சமயம் மீனும் சேர்ந்து போகும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மீன் வயிற்றில் இருக்கும் நெட்டி

தாய்மார்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கெண்டை மீனை அரிவாள்மனையில் வைத்து ஆயும்போது, குடலுக்கு மேலே, முதுகெலும்பை ஒட்டினாற்போல வெள்ளையாகப் பளபளவென்று ஒரு பை வரும். நடுவில் நூல் போட்டு இறுக்கிக் கட்டின பலூன் மாதிரி முன்னே ஒன்று, பின்னே ஒன்றாக இரண்டு அறை இருக்கும். பிள்ளைகள் அதைக் காலால் மிதித்துப் 'பட்'டென்று வெடிக்க வைத்து விளையாடும். அதுதான் காற்றுப்பை. கடற்கரை ஊர்களில் கூறல் போன்ற பெரிய மீன்களின் காற்றுப்பையை 'நெட்டி' என்று சொல்லி, காயவைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். பொருத்தமான பேர்தான். நம் ஏரி குளத்தில் விளைகிற நெட்டித் தண்டு தண்ணீரில் மிதப்பது உங்களுக்குத் தெரியும். அதில்தான் தஞ்சாவூர்க் கலைஞர்கள் கோயிலும் கோபுரமும் செய்கிறார்கள். 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது.

மீனின் சதையும் எலும்பும் தண்ணீரைவிடக் கனம். பை இல்லாவிட்டால் மீன் சும்மா நின்றாலே தரைக்குப் போய்விடும். நன்னீர் மீனுக்கு உடம்பின் பருமனில் ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கு இந்தக் காற்றுப்பை இருக்கிறது. அந்தக் காற்று கனத்தைச் சரிக்கட்டிவிடுவதால் மீன் நடுத் தண்ணீரில் செட்டையை லேசாக ஆட்டியபடி அப்படியே நிற்க முடிகிறது.

கெண்டை இனத்துக்கு இந்தப் பையிலிருந்து தொண்டைக்கு ஒரு சிறு குழாய் ஓடுகிறது. மேலே வந்து காற்றை விழுங்கிப் பையை நிரப்பிக்கொள்ளும், வேண்டாததைக் குமிழியாக வெளியே விடும். தங்கமீனும் கெண்டை இனம்தான். விராலுக்கும் ஜிலேபிக் கெண்டைக்கும் வளர்ந்த பிறகு இந்தக் குழாய் கிடையாது. ரத்தத்திலிருந்தே காற்று ஊறி நிறையும், ரத்தத்துக்கே திரும்பும். அதனால்தான் ஆழ்கடலில் பிடிபட்ட மீனைச் சட்டென்று மேலே இழுத்தால் பை ஊதி, இரைப்பையை வாய் வழியே பிதுக்கித் தள்ளுகிறது. அந்தக் காற்று போக வழியில்லை.

இன்னொன்று. கெண்டைக்கும் கெளுத்திக்கும் இந்தப் பையிலிருந்து உள்காதுவரைக்கும் சின்னச் சின்ன எலும்புகள் சங்கிலி போலப் போகின்றன. பைதான் அதற்கு ஒலி வாங்குகிற தோல் மாதிரி. நீங்கள் கரையில் நடந்தாலே குளத்தில் கெண்டை விலகிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காற்றுப்பை மீனின் முதுகுப் பக்கம் இருந்தாலும், கனமான சதைக்கட்டு அதையும்விட மேலே, முதுகில் இருக்கிறது. ஆகவே மீன் என்பது தலையில் தண்ணீர்க் குடம் வைத்து நடக்கிற பெண்ணைப் போல மேல்கனமானது. செட்டையை ஆட்டி ஆட்டித்தான் நிமிர்ந்து நிற்கிறது. செத்த மீன் வயிற்றை வானத்துக்குக் காட்டி மிதப்பது இதனால்தான். ஆகவே உயிரோடு இருக்கிற மீனுக்கு எந்தக் காரணத்தால் பலம் குறைந்தாலும், அது விஷமோ, மூச்சுத் திணறலோ, காய்ச்சலோ, குடல் உப்பலோ, முதலில் போவது இந்த நிமிர்வுதான். பையே கெட்டுப் போனாலும் இதுதான் நடக்கும், பைக்கு ஒரு கேடும் இல்லாவிட்டாலும் இதுதான் நடக்கும்.

ஒன்றா, எல்லாமா?

தொட்டி அருகில் போய் நின்றதும் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி: சாய்ந்தது ஒரு மீனா, பல மீனா?

பல மீன் ஒரே நாளில் தடுமாறினால் அது காற்றுப்பைக் கோளாறு இல்லை, தண்ணீர்க் கோளாறு. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வயலில் ஒரு குத்து மஞ்சளித்தால் அந்தக் குத்தைப் பிடுங்கிப் பார்க்கிறோம். வயல் முழுக்க ஒரே நாளில் மஞ்சளித்தால் மண்ணையும் தண்ணீரையும் பார்க்கிறோம் இல்லையா?

தண்ணீரில் முதல் குற்றவாளி அம்மோனியா. யூரியா உங்களுக்குப் புதிதில்லை. மண்ணில் யூரியா அம்மோனியாவாகி, பிறகு நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்பது நான் பலமுறை பேசின விஷயம். மீன் தொட்டியிலும் அதே கதைதான். மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாகவே விடுகிறது. மிஞ்சின தீனி அழுகினாலும் அம்மோனியா. தொட்டிச் சுவரிலும் கூழாங்கல்லிலும் வடிகட்டி ஸ்பாஞ்சிலும் குடியிருக்கிற நுண்ணுயிர்கள்தான் அதை மாற்றிக் கேடில்லாமல் செய்கின்றன. 'பாசி பிடிச்சிருக்கு, அழுக்கா இருக்கு' என்று தொட்டியையும் ஸ்பாஞ்சையும் சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தால், அந்த நுண்ணுயிர் அத்தனையும் போச்சு. கடை சீசா மருந்தும் பல சமயம் இதே வேலையைத்தான் செய்யும். ஆன்டிபயாடிக் மருந்துக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பார்க்கத் தெரியாது. முந்தின கேள்வியில் நல்ல மீன் நாலு செத்த கதை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

அடுத்தது பூச்சிமருந்து. இது நம்ம ஊர்ச் சங்கதி. தெளிப்பான் டின்னைக் கழுவின கையோடு தீனி போடுவது, பக்கத்து வயலில் தெளிக்கும்போது காற்றில் வந்து தொட்டியில் படிவது, மருந்து அளந்த குவளையால் தொட்டித் தண்ணீரை மொள்வது. இதில் எது நடந்தாலும் மீன் சுழன்று சுழன்று நீந்தும், துள்ளும், பிறகு சாயும். பார்த்தால் காற்றுப்பை நோய் மாதிரியே இருக்கும். தெளிக்கிற நாளில் தொட்டியை மூடி வையுங்கள். மீன் வேலைக்கென்று தனி வாளி, தனிக் குவளை வையுங்கள். குளத்தில் கட்லா, ரோகு விட்டிருப்பவர்களுக்கும் இதே பேச்சுதான். மருந்தடித்த வயலின் வடிகால் குளத்தில் விழக்கூடாது.

பிறகு தண்ணீர் மாற்றும் முறை. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது உங்களுக்குத் தெரியும். மூணாறு தலைப்பில் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் வற்றிக் கிடக்கிற மாதங்களில் போர்த் தண்ணீர்தான் கதி. போர்த் தண்ணீரில் பிராணவாயு குறைவு. சில இடத்தில் இரும்பும் இருக்கும். மோட்டார் எங்காவது காற்று இழுத்துக்கொண்டு இறைத்தால், அந்தத் தண்ணீரில் அளவுக்கு மீறிக் காற்று கரைந்திருக்கும். சோடாப் புட்டியைத் திறந்ததும் குமிழி வருவதுபோல, மீனின் செட்டையிலும் கண்ணிலும் சின்னச் சின்னக் குமிழி தெரியும், மீன் மேலே மிதக்கும். ஆகவே போர்த் தண்ணீரை நேரே விடாதீர்கள். வேறு தொட்டியில் உயரத்திலிருந்து தெறித்து விழும்படி விட்டு ஒரு நாள் வைத்திருங்கள். குளோரின் போட்ட பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரையும் அப்படியே 24 மணி நேரம் திறந்து வையுங்கள். மாற்றும்போது மூன்றில் ஒரு பங்குதான் மாற்ற வேண்டும். முழுவதையும் ஒரேயடியாக மாற்றுவது மீனுக்கு அடுத்த அடி.

சென்னை கொளத்தூரிலிருந்து குஞ்சு வாங்கி வருகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் முந்நூறு கிலோமீட்டர் குலுங்கி வந்த மீன் முதல் நாள் சாய்ந்து கிடந்தால் பதற வேண்டாம். பையைப் பிரிக்காமல் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்க விட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைக் குவளை குவளையாகப் பைக்குள் ஊற்றி, அதற்கப்புறம்தான் மீனை விட வேண்டும். அன்றைக்குத் தீனி கூடாது.

ஒரே ஒரு மீன் என்றால்

மற்றவை நன்றாக ஓடியாடுகின்றன, ஒன்று மட்டும் மிதக்கிறது அல்லது தரையோடு கிடக்கிறது என்றால் அது அந்த மீனின் உடம்பு விஷயம். அது உருண்டை வகையா, நீள வகையா என்று பாருங்கள்.

தங்கமீன் சீன தேசத்துக் கெண்டையிலிருந்து வந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அங்கே பொன்னிறமாகப் பிறந்தவற்றைப் பொறுக்கி வளர்க்க ஆரம்பித்தார்கள். பிறகு மனிதனின் ஆசை சும்மா இருக்குமா? வயிறு உருண்டையாக, வால் இரட்டையாக, தலையில் கொண்டை வைத்தாற்போல என்று பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து ஒராண்டா, ரியூகின், ரஞ்சு என்று வகைகளைக் கொண்டுவந்தார்கள். உடம்பு குட்டையானது, ஆனால் உள்ளே இருக்க வேண்டிய குடலும் ஈரலும் சினைப்பையும் அப்படியே இருக்கின்றன. ஒரு மரக்கால் சாக்கில் இரண்டு மரக்கால் நெல்லைத் திணித்த மாதிரி. அந்த நெருக்கத்தில் காற்றுப்பை வளைந்து நெளிந்து போகிறது. பல மீனில் பின் அறை சிறுத்தே இருக்கிறது. குடல் கொஞ்சம் உப்பினாலும் பை நசுங்குகிறது, மீன் சாய்கிறது. நீளமான சாதாரணத் தங்கமீனுக்கும் காமெட் வகைக்கும் இந்தத் தொல்லை குறைவு. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை: விலை கொஞ்சம் குறைந்தாலும் முதல் வருஷம் நீள வகையையே விடுங்கள்.

அடுத்து வயிற்றைப் பாருங்கள். செதில் எல்லாம் பலாப்பழத் தோல் போலச் சிலிர்த்து நிற்கிறதா? அப்படியானால் உள்ளே நீர் கோத்துவிட்டது, சிறுநீரகம் கெட்டிருக்கும், பிழைப்பது அரிது. ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தால் கட்டியோ நீர்ப்பையோ இருக்கலாம். இரண்டும் இல்லாமல், நேற்றுவரை நன்றாகத் தின்ற மீன், தின்ற சிறிது நேரத்தில் வால் மேலே, தலை கீழே என்று மிதந்தால், பெரும்பாலும் தீனிக் கோளாறு. இதுதான் நம் கையில் தீரக்கூடியது.

செய்ய வேண்டியது இது. மீனை அகலமான பிளாஸ்டிக் தொட்டியில், பழைய தொட்டித் தண்ணீரையே பாதிக்கு மேல் விட்டு, ஒரு சாண் உயரத் தண்ணீரில் வையுங்கள். தண்ணீர் ஆழம் குறைந்தால் அதற்குப் போராட்டம் குறையும். காற்றூட்டி மோட்டாரை மெதுவாக வையுங்கள். வேகமாகக் குமிழி விட்டால் பலமில்லாத மீன் உருண்டு போகும். இரண்டு நாளோ மூன்று நாளோ முழுப் பட்டினி. "ஐயோ, பட்டினி போட்டா செத்துடாதா?" என்பார்கள். சாகாது. நல்ல தங்கமீன் ஒரு வாரம் தீனி இல்லாமல் தாராளமாக இருக்கும்.

பட்டினிக்குப் பிறகு பச்சைப் பட்டாணி. உலகம் முழுக்க மீன் வளர்க்கிறவர்கள் செய்கிற கைவைத்தியம் இது. நன்றாக வேகவைத்து, தோலை உரித்து, நசுக்கி, மீனின் வாய் அளவுக்குச் சிறு துணுக்காக ஒன்றிரண்டு. உப்பு, மஞ்சள் கூடாது. நார் உள்ளது, தண்ணீரில் மூழ்குகிறது, மீன் காற்றை விழுங்காமல் தின்கிறது. இதுதான் அதன் மகிமை, வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. பட்டாணி கிடைக்காவிட்டால் வெந்த கீரையைப் பொடியாக அரிந்து போடலாம்.

கல் உப்பு உதவும். நன்னீர் மீனின் உடம்புக்குள் வெளித் தண்ணீர் சதா ஊறிக்கொண்டே இருக்கிறது, அதை வெளியேற்றிக்கொண்டே இருப்பது அதற்கு ஒரு வேலை. தண்ணீரில் சிறிது உப்பு இருந்தால் அந்த வேலை குறைகிறது. லிட்டருக்கு 1 கிராம் போதும். ஒரு குடம் 15 லிட்டர் என்றால் 15 கிராம், ஒரு பெரிய கரண்டி அளவு. தனியாகக் கரைத்து, நாளில் மூன்று தடவையாகப் பிரித்து ஊற்றுங்கள். அசோலா, செடி உள்ள தொட்டியில் போடாதீர்கள், அவை வாடும். மலம் கட்டியிருக்கிறது என்று தெரிந்தால் பேதி உப்பு, அதாவது மக்னீசியம் சல்பேட்டு, 20 லிட்டருக்கு ஒரு சிறு கரண்டி கரைத்து விடலாம். மாட்டுக்குப் போடுகிற அளவில் அள்ளிப் போட்டுவிடாதீர்கள்.

மல்லாந்து மிதக்கிற மீனின் வயிறு தண்ணீருக்கு வெளியே நின்று காய்ந்து, பிறகு புண்ணாகும். அதைக் கவனிக்காமல் விட்டுத்தான் பல மீன் சாகிறது, மிதப்பதால் இல்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு மெல்லிய வலையைக் கட்டி, மீன் அதற்கு அடியில் நிற்கும்படி செய்யலாம். தரையோடு கிடக்கிற மீனுக்குச் சொரசொரப்பான கூழாங்கல்லை எடுத்துவிடுங்கள். வெளிநாட்டில் சிலர் மெல்லிய ரப்பர் குழாயும் தெர்மாகோலும் வைத்து மீனுக்கு ஒரு தள்ளுவண்டியே கட்டிவிடுகிறார்கள். செல்லமாக ஒன்றே ஒன்று வளர்க்கிறவர்களுக்கு அது சரி; ஐந்நூறு மீன் வளர்க்கிற நமக்கு எங்கே நேரம்?

ஒன்று மட்டும் செய்யவே கூடாது. ஊசியால் குத்திக் காற்றை எடுக்கிற வேலை. கால்நடை டாக்டர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, பை எங்கே, எவ்வளவு என்று தெரிந்துகொண்டு செய்கிற காரியம் அது. நாம் குத்தினால் பக்கத்தில் இருக்கிற சிறுநீரகத்தில் இறங்கும்.

ஒரு வாரத்தில் நிமிர்ந்தால் நல்லது. நிமிராவிட்டால், பையிலேயே கிருமி சேர்ந்ததா, கட்டியா என்று கண்டுபிடிக்க வேண்டும். நீடாமங்கலம் வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ, நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்திலோ கேளுங்கள். போகும்போது மீனை உயிரோடு கொண்டு போங்கள், கூடவே ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீரும் வேண்டும். தண்ணீரைப் பார்க்காமல் மீனுக்கு வைத்தியம் சொல்கிறவரை நான் நம்புவதில்லை. ஆன்டிபயாடிக் தேவையா, எது, எத்தனை நாள் என்பதை அவர்கள் சொன்ன பிறகு கொடுத்தால் போதும்.

தீனியில்தான் இருக்கிறது

கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். வாயிலிருந்து நேரே குடல்தான். சோற்றைச் சேர்த்து வைத்துச் செரிக்கப் பாத்திரம் இல்லை. ஆகவே காலையில் ஒரு கைப்பிடி வாரிப் போட்டுவிட்டு வயலுக்குப் போய்விடுவது தங்கமீனுக்கு ஒத்து வராது. இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு, காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. வாரத்தில் ஒரு நாள் விரதம். ஏகாதசி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கடையில் வாங்கும் மிதக்கும் குருணைத் தீனி மேலே கிடப்பதால், மீன் அதைக் கவ்வும்போது காற்றையும் சேர்த்து விழுங்குகிறது. காய்ந்த குருணை குடலுக்குள் போய் ஊறி உப்பவும் செய்கிறது. ஆகவே போடும் முன் தொட்டித் தண்ணீரிலேயே சில நிமிஷம் ஊறவைத்து, மூழ்கும்படி போடுங்கள். வீட்டுத் தீனி என்றால் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் வேகவைத்துப் பிசைந்து சிறு உருண்டையாக, புளிக்கும் முன் போட்டுவிட வேண்டும். நெல் வயலுக்கு வளர்க்கிற அசோலாவை ஒரு பிடி அள்ளி நன்றாகக் கழுவிப் போட்டால் தங்கமீன் ஆசையாகத் தின்னும், குடலுக்கும் நல்லது. கொசுப்புழுவும் அருமையான தீனி. சாக்கடையில் மொள்ளாமல் சுத்தமான தண்ணீரில் பிடித்ததாக இருக்கட்டும். சோறு, ரொட்டி, பொரி கூடவே கூடாது. கோயில் குளத்தில் பிள்ளைகள் பொரி போடுவது வேறு, அங்கே தண்ணீர் பரப்பு பெரிது, மீனும் பெரிது. அதைப் பார்த்துவிட்டு வீட்டுத் தொட்டியிலும் பொரி போடுகிறார்கள்.

மார்கழிப் பனியில் தண்ணீர் குளிர்ந்தால் மீனுக்குச் செரிமானம் மந்தமாகும். அந்த நாட்களில் தீனியைப் பாதியாக்கி, வெயில் ஏறின பிறகு போடுங்கள். சித்திரையில் எதிர்மாறு. சிமெண்டுத் தொட்டித் தண்ணீர் கொதிக்கும், பிராணவாயு குறையும். தென்னங்கீற்றால் பாதித் தொட்டிக்கு நிழல் போடுங்கள்.

குஞ்சு பொரிக்கிறவர்களுக்கு

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தங்கமீன் முட்டை நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சு ஒன்றிரண்டு நாள் செடியிலும் சுவரிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பிறகு மேலே ஏறி வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாய்க் காற்றை விழுங்கும். அந்தக் காற்றுதான் பையை விரிக்கிறது. அந்த நேரத்தில் தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலமோ, தவிட்டுத் தூசியோ, மோட்டார் டீசலோ படிந்திருந்தால் அந்த மெல்லிய குஞ்சால் படலத்தைக் கிழித்து மேலே வர முடியாது. பை விரியாத குஞ்சு தரையிலேயே துள்ளித் துள்ளிக் கிடக்கும், வளைந்து வளரும், வாழ்நாள் முழுக்க நீந்தாது. பிறகு எந்த வைத்தியமும் பலிக்காது.

வழி சுலபம். பொரித்த அன்றிலிருந்து நாலைந்து நாள், காலையில் ஒரு பழைய செய்தித்தாளைத் தண்ணீர் மேல் விரித்து மெதுவாகத் தூக்குங்கள். படலம் தாளோடு வந்துவிடும். காற்றூட்டியை மிக மெல்லியதாக வையுங்கள்.

விதை நெல்லுக்குப் பதர் எடுக்கிறோம் இல்லையா, அதுபோலத் தாய் மீன் தேர்விலும் கண் வேண்டும். அடிக்கடி சாய்கிற மீன், உடம்பு கோணின மீன், நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் முட்டைக்கு விடாதீர்கள். குட்டை உடம்போடு அந்தக் கோளாறும் சேர்ந்து பிள்ளைக்குப் போகும். சாய்ந்து தேறின மீனை நல்ல மீன் என்று சொல்லி விற்பதும் வேண்டாம். வாங்கினவர் அடுத்த தடவை உங்கள் தெருப்பக்கமே வரமாட்டார்.

குளத்து மீன் வளர்க்கிற ஓர் அன்பரின் கேள்வி பாக்கி இருக்கிறது. "விடியற்காலையில் கட்லாவெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்குது, இதுவும் காற்றுப்பை நோயா?" இல்லை. அது பிராணவாயுப் பஞ்சம். இரவெல்லாம் பாசியும் மீனும் சேர்ந்து மூச்சுவிட்டு, விடியும்போது தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். அன்றைக்குத் தீனியும் சாணமும் நிறுத்திவிட்டு, பம்ப்செட் தண்ணீரைக் குளத்தில் தெறித்து விழும்படி இறையுங்கள். வெயில் ஏறினதும் சரியாகும்.

தேறவே தேறாத மீனை என்ன செய்வது என்று கேட்கத் தயங்குவார்கள்; நானே சொல்லிவிடுகிறேன். ஆற்றிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்கின டேங்க் கிளீனர் மீனை ஆங்காங்கே கொண்டுபோய் விட்டதில், தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகி வலையைக் கிழிக்கிறது. துன்பப்படுகிற மீனுக்கு கிராம்பு எண்ணெய் இருக்கிறது. லிட்டருக்குப் பத்துச் சொட்டு என்று வெதுவெதுப்பான கொஞ்சம் தண்ணீரில் நன்றாகக் குலுக்கி, மீன் இருக்கிற பாத்திரத்தில் ஊற்றினால் அது மயங்கித் தூங்கிவிடும். செவுள் நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே வைத்திருந்து, தென்னை மரத்தடியில் புதைத்துவிடுங்கள்.